பப்பில் ‘பார்டு’: உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கு, எதுவரை?

2025 டிசம்பரில் இங்கிலாந்தில் பல பப்களின் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது: லேபர் கட்சி எம்.பி.க்களுக்கு இங்கே இடமில்லை. லேபர் அரசின் நவம்பர் பட்ஜெட்டை அடுத்து வணிகக் கட்டட வரி எகிறப்போகிறது என்பது பப் நடத்துபவர்களின் ஆத்திரம். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2021 ஏப்ரலில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மரை பாத் நகரில் ஒரு பப்காரர் கேமராக்களுக்கு முன்னாலேயே கத்தி விரட்டினார். அங்கே கோபம் கொரோனா ஊரடங்கு பற்றியது.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு வரும் முதல் கேள்வி: நாட்டுக்குச் சட்டம் போடுகிற எம்.பி.யையே ஒரு மதுக்கடைக்காரர் உள்ளே வராதே என்று சொல்லலாமா? சொல்லலாம். காரணம்கூட சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘தடை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுவேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று லேண்ட்லார்டின், அதாவது பப்பை நடத்துபவரின், வாய்ச்சொல், இன்னொன்று பப்காரர்கள் கூடி எடுக்கும் முடிவு, மூன்றாவது நீதிமன்றம் போடும் உத்தரவு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ‘இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?’ என்ற சண்டை முடிவதே இல்லை.

பெயரில் உள்ள ‘பொது’

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். நேரடியாகச் சொன்னால் பொது வீடு. இந்தப் பெயர் ஆளை ஏமாற்றும். நூலகம் போலவோ பூங்கா போலவோ அது பொதுச் சொத்து இல்லை. தனியாருக்குச் சொந்தமான இடம், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘லேண்ட்லார்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். நம் பேச்சில் அது வீட்டு உரிமையாளர். பப்பில் அது பப்பை நடத்துபவரைக் குறிக்கும். கட்டடம் பெரும்பாலும் ஒரு பீர் ஆலைக்கோ பல பப்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ சொந்தமாக இருக்கும். லேண்ட்லார்ட் அதை வாடகைக்கு எடுத்து நடத்துபவராக இருப்பார். சங்கிலி நிறுவனங்களின் பப்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளர்தான் இருப்பார். ஆனாலும் வாடிக்கையாளருக்கு எல்லாரும் லேண்ட்லார்டுதான். அந்த நேரத்தில் அந்த இடத்தின் பொறுப்பில் யார் இருக்கிறாரோ அவருக்கு ஆளை அனுப்பும் அதிகாரம் உண்டு.

அப்புறம் ‘பார்டு’. ‘யூ ஆர் பார்டு’ என்று சொல்லிவிட்டால், இன்றிரவு போதும், வீட்டுக்குப் போ என்று மட்டும் பொருள் இல்லை. மறுபடி சொல்லும்வரை இந்த வாசலை மிதிக்காதே என்று பொருள்.

காரணம் சொல்லாமல் எப்படித் தடுக்க முடிகிறது?

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம் இதைத் தண்டனையாகப் பார்ப்பதில்லை, கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாகப் பார்க்கிறது. படிப்படியாகப் பார்த்தால் தர்க்கம் இப்படிப் போகும்.

1. திறந்திருக்கும் பப் கதவு ஒரு மறைமுக அனுமதி. யாரும் ‘வாங்க’ என்று சொல்லாமலே நீங்கள் உள்ளே போகலாம்.

2. அனுமதி கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். கொடுக்கும்போது காரணம் கேட்கவில்லை. எடுக்கும்போதும் காரணம் தேவையில்லை.

3. திரும்பப் பெற்றதும் நீங்கள் கிளம்ப நியாயமான அவகாசம் உண்டு. கோட் எடுத்துக்கொண்டு வாசல்வரை நடக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைன்ட் பீரை மெதுவாக உறிஞ்சி முடிக்கும் நேரம் அல்ல.

4. அதற்குப் பிறகும் நின்றால் அத்துமீறி நிற்பவர் ஆவீர்கள். இது பொதுவாகக் குற்றம் இல்லை, சிவில் தவறு. ஆனாலும் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தி உங்களை வெளியேற்ற அவர்களுக்கு உரிமை வந்துவிடுகிறது. தேவையான அளவு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்: தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்திச் செல்வது அதற்குள் அடங்கலாம், வெளியே தள்ளிய பிறகு உதைத்தால் உதைத்தவர்மேல்தான் வழக்கு.

இந்தச் சிந்தனை பழையது. 1845இல் முடிந்த ‘வுட் எதிர் லெட்பிட்டர்’ வழக்கில், டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனவரையே வெளியேற்றினார்கள். டிக்கெட் என்பது வெறும் அனுமதி, அதைத் திரும்பப் பெறலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1915இல் ஒரு சினிமா ரசிகரின் வழக்கில் இந்தக் கடுமை தளர்ந்தது: காட்சி முழுவதையும் பார்க்கக் காசு வாங்கிய பிறகு நடுவில் தூக்கி எறியக் கூடாது என்றார்கள். பப்பில் டிக்கெட்டே கிடையாது. ஒவ்வொரு கிளாஸும் தனித்தனி விற்பனை. குடிக்காத பைன்ட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பதில் நியாயம் உண்டு. அதை வைத்து நாளைக்கும் வருவேன் என்று உரிமை கொண்டாட முடியாது.

சத்திரத்துக்கு வேறு சட்டம்

ஒரு விதிவிலக்கு உண்டு. வழிப்போக்கருக்குப் படுக்கையும் சாப்பாடும் தரும் ‘இன்’, அதாவது சத்திரம், பழைய பொதுச் சட்டப்படி வருகிற பயணியைத் தக்க காரணமில்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது. இருட்டில், கொள்ளையர் திரியும் சாலையில் நிற்பவருக்குக் கதவை மூடினால் என்ன ஆகும் என்ற காலத்துக் கவலை அது.

இந்தக் கடமை பிற்காலத்தில் எதிர்பாராத இடத்தில் உதவியது. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனுக்கு 1943இல் லண்டனின் இம்பீரியல் ஹோட்டல் நிறத்தின் பேரில் அறை மறுத்தது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அப்போது இல்லை. சத்திரக்காரரின் பழைய கடமையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வழக்குப் போட்டார். 1944இல் வென்றார். கிடைத்த இழப்பீடு 5 கினி. விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமல் பார்த்தால் ஐந்தே கால் பவுண்டு. தொகை அற்பம், தீர்ப்பு அப்படி இல்லை.

உள்ளூர்க்காரர் குடிக்க வரும் பப் இந்த விதிக்குள் வராது. 1877இலேயே இது தெளிவாகிவிட்டது. பெரிய நாய்களோடு வந்து தொல்லை கொடுத்த ஓர் அக்கம்பக்கத்துக்காரருக்கு, ஹோட்டலை ஒட்டிய சிற்றுண்டி பாரில் எதுவும் தர மறுத்தார் அதை நடத்தியவர். வந்தவர் பயணி இல்லை, அந்த பாரும் சத்திரமில்லை, எனவே மறுத்தது குற்றமில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். ‘அரசி எதிர் ரைமர்’ என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. பெயர்ப் பலகையில் ‘இன்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே பாரும் சூதாட்ட மெஷினும் மட்டுமே இருக்கும் இடங்கள் எத்தனையோ. பலகையை வைத்து வாதாட வேண்டாம்.

லேண்ட்லார்டின் தலைக்குமேல் தொங்கும் கத்தி

உரிமை இருக்கிறது, சரி. வாடிக்கையாளரை விரட்டினால் வியாபாரம் போகுமே, அதை ஏன் பயன்படுத்துகிறார்கள்? விரட்டாவிட்டால் லைசன்ஸே போகலாம் என்பதுதான் பதில்.

இங்கிலாந்து, வேல்ஸில் மது விற்பனையை ஆள்வது 2003ஆம் ஆண்டு லைசன்ஸிங் சட்டம். 2005 நவம்பரில் முழு நடைமுறைக்கு வந்தது. குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தராமை, சிறுவர் பாதுகாப்பு ஆகிய நான்கும் அதன் நோக்கங்கள். இவற்றில் ஏதாவது மீறப்படுகிறது என்று காவல்துறையோ பக்கத்து வீட்டுக்காரரோ மனுப் போட்டால் உள்ளூராட்சி மன்றம் லைசன்ஸை மறுஆய்வு செய்யும். நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை போடலாம், லைசன்ஸையே ரத்தும் செய்யலாம்.

தனிநபர்மேல் பாயும் பிரிவுகளும் உண்டு:

1. ஏற்கெனவே போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே மது விற்றால் 1,000 பவுண்டு வரை அபராதம். கல்லாவில் நிற்கும் ஊழியரும் இதில் சிக்குவார்.

2. போதையில் இருக்கும் நண்பருக்காக நீங்கள் வாங்கிக் கொடுத்தாலும் அதே 1,000 பவுண்டு. ‘இவன் கணக்கு என்னுது’ என்று சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

3. பப்புக்குள் ஒழுங்கீனத்தைத் தெரிந்தே அனுமதித்தால் அதுவும் குற்றம்.

4. போதையிலோ ரகளை செய்துகொண்டோ இருப்பவரைப் போகச் சொல்லியும் போகாவிட்டால், அத்துமீறல் என்ற சிவில் எல்லையைத் தாண்டி அது குற்றமாகிறது. 200 பவுண்டு வரை அபராதம். லேண்ட்லார்ட் கேட்டால் காவலர் வந்து வெளியேற்ற உதவியே ஆக வேண்டும்.

நாலாவதுதான் பலருக்கும் குழப்பம் தருவது. நிதானமாக இருப்பவர், ஏற்கெனவே ‘பார்டு’ ஆனவர், அமைதியாக வந்து உட்கார்ந்தால்? அது வெறும் சிவில் அத்துமீறல். ‘தடையை மீறிவிட்டான், கைது செய்யுங்கள்’ என்று லேண்ட்லார்ட் தொலைபேசியில் கத்தினாலும் காவலருக்கு அங்கே கைது செய்யக் குற்றம் எதுவும் இல்லை. வந்து உட்கார்ந்தவர் குரலை உயர்த்தும்வரை.

வாசலில் நிற்கும் பவுன்சர் பற்றி ஒரு வரி: 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குப் பாதுகாப்புத் தொழில் ஆணையத்தின் லைசன்ஸ் இருக்க வேண்டும். அதற்காக அவருக்குக் காவலருக்குரிய அதிகாரம் எதுவும் வந்துவிடாது.

ஒரு பப்பில் தடை, எல்லா பப்பிலும் தடை

இரண்டாம் வகைத் தடைக்கு வருவோம். என் பார்வையில் இதுதான் உற்றுப் பார்க்க வேண்டியது.

ஓர் ஊரின் பப்காரர்கள் சேர்ந்து ‘பப்வாட்ச்’ என்ற குழுவை வைத்திருப்பார்கள். கூட்டம் போடுவார்கள். போன வாரம் யார் கிளாஸை உடைத்தார், யார் ஊழியரை மிரட்டினார் என்று பேசி, கை தூக்கி வாக்களிப்பார்கள். முடிவு வந்தால் அந்த நபருக்குக் கடிதம் போகும்: ஆறு மாதமோ ஓராண்டோ ஆயுள் முழுவதுமோ, குழுவில் உள்ள எந்த பப்புக்கும் வராதே. புகைப்படம் எல்லா பப்களின் ஊழியர்களுக்கும் போய்ச் சேரும். தேசிய அளவில் 1997 முதல் ‘நேஷனல் பப்வாட்ச்’ என்ற தன்னார்வ அமைப்பு வழிகாட்டுகிறது. உள்ளூர்க் குழுக்களைக் கட்டளையிட்டு நடத்துவது அதன் வேலை இல்லை.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1902ஆம் ஆண்டு லைசன்ஸிங் சட்டம், திரும்பத் திரும்பக் குடிபோதைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு ‘நாள்பட்ட குடிகாரர்’ என்று நீதிமன்றம் முத்திரை குத்தியவருக்கு மூன்று ஆண்டுகள் மது விற்கக் கூடாது என்றது. பர்மிங்காம் நகர நிர்வாகம் அப்படிப்பட்டவர்களின் பட்டியலை அச்சடித்து மதுக்கடைகளுக்கு அனுப்பியது. ஒவ்வொருவருக்கும் படம், வயது, உயரம், தலைமுடி, கண் நிறம், மூக்கின் அமைப்புவரை விவரம். அதில் பலர் பெண்கள், கூலி வேலை செய்பவர்கள். காகிதம் செயலியாகிவிட்டது, மற்றபடி யோசனை அதேதான்.

பெரிய வேறுபாடு ஒன்றிருக்கிறது. பர்மிங்காம் பட்டியலில் பெயர் ஏற நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். பப்வாட்ச் பட்டியலில் ஏற அது வேண்டாம்.

இது நியாயமா என்று கேட்டு ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போனார். சஃபோக் மாவட்டத்தின் ஹேவர்ஹில் ஊர் பப்வாட்ச் அவரைத் தடை செய்திருந்தது. தன் தரப்பைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா என்பது வாதம். 2009இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. அரசு அமைப்புகளின் முடிவுகளைத்தான் நீதிமன்றம் அந்த வழியில் மறுபரிசீலனை செய்யும்; பப்வாட்ச் அரசு அமைப்பு இல்லை, தனித்தனியே தங்களுக்கு உள்ள உரிமையைச் சேர்ந்து பயன்படுத்தும் தனியார் குழு. ஒவ்வொரு லேண்ட்லார்டும் தனியாக ‘வராதே’ என்று சொல்லலாம் என்றால், இருபது பேர் ஒரே நாளில் சொல்வதும் சட்டப்படி அதேதான்.

தர்க்கம் பிசகில்லை. நடைமுறையில் மட்டும் கொஞ்சம் கனக்கிறது. நகரத்தில் ஒரு பப் போனால் அடுத்த தெருவில் இன்னொன்று. நாலே பப் உள்ள சிற்றூரில் நாலும் மூடினால், டார்ட்ஸ் அணி போச்சு, நண்பரின் பிறந்தநாள் போச்சு, சாவுக்குப் பிறகு கூடும் கூட்டமும் போச்சு. தண்டனை போலவே வலிக்கும் ஒன்றை, தண்டனைக்கு உரிய விசாரணை இல்லாமல் விதிக்கும் வழி இது. மேல்முறையீடு உள்ள குழுக்களும் உண்டு, இல்லாதவையும் உண்டு. எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான பதில் இருக்கிறது: ஒரு பப்பில் பைன்ட் கிளாஸால் ஒருவர் முகத்தைக் கிழித்தவரை அடுத்த பப்காரர் தெரியாமல் உள்ளே விட்டு, அங்கேயும் அதுவே நடந்தால் யார் பொறுப்பு?

குழுக்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருந்தாக வேண்டும்:

1. காவல்துறை கூட்டத்துக்கு வரலாம், ஆலோசனை தரலாம். முடிவு பப்காரர்களுடையதாக இருக்க வேண்டும். முடிவெடுப்பவர் காவலர் என்றாகிவிட்டால் ‘இது தனியார் குழு’ என்ற கவசம் கழன்றுவிடும்.

2. பெயர், படம், குற்றப் பின்னணி எல்லாம் தனிநபர் தரவு. 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி பாருக்குப் பின்னால் படத்தை ஒட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. தடை செய்யப்பட்டவர் தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்கலாம். தடையை எதிர்க்க முடியாதவர் கையில் உள்ள உருப்படியான ஆயுதம் இதுதான்.

நீதிமன்றம் போடும் தடை

மூன்றாம் வகைதான் உண்மையான சட்டத் தடை. இதை மீறினால் சிறைவரை போகலாம்.

1. 1980ஆம் ஆண்டு விலக்கல் சட்டம்: பப்புக்குள் வன்முறை செய்தோ மிரட்டியோ தண்டனை பெற்றவரை, பெயர் குறிப்பிட்ட பப்களுக்குப் போகக் கூடாது என்று 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை தடுக்கலாம்.

2. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படியான குற்ற நடத்தை உத்தரவு: வயதுவந்தவருக்குக் குறைந்தது 2 ஆண்டு, கால வரம்பே இல்லாமலும் போடலாம். மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

3. அதே சட்டத்தின்கீழ், நீதிமன்றம் போகாமலே, அதிகாரம் பெற்ற காவலர் ஒருவரை ஒரு பகுதியைவிட்டு 48 மணி நேரம் வரை விலகியிருக்கச் சொல்லலாம். சனி இரவு ரகளைகளில் பயன்படுவது இது.

எங்கே கதவை மூடக் கூடாது?

காரணம் சொல்ல வேண்டாம் என்றேன். தவறான காரணம் இருக்கக் கூடாது என்பது அதன் மறுபக்கம். 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், இனம், பாலினம், மாற்றுத்திறன், மதம் அல்லது நம்பிக்கை, பாலியல் நாட்டம் போன்றவற்றின் பேரில் சேவை மறுப்பதைத் தடுக்கிறது.

2015இல் லண்டன் நீதிமன்றம் ஒன்று இதைக் காட்டியது. ஹாலோவே சாலையில் உள்ள வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் பப், 2011இல் நாடோடிச் சமூகத்தினரின் மாநாட்டிலிருந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தியது. தனிப்பட்ட எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ‘அந்தக் கூட்டம்’ வந்தால் வம்பு வரும் என்ற முன்முடிவுதான். இனப் பாகுபாடு என்று தீர்ப்பு. எட்டுப் பேருக்குத் தலா 3,000 பவுண்டு, மொத்தம் 24,000.

இன்னும் நுட்பமான இடம் மாற்றுத்திறன். பக்கவாதம் வந்து நாக்குழறிப் பேசுபவரையும் நடை தள்ளாடுபவரையும் குடிகாரர் என்று நினைத்து விரட்டுவது நடக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்த தவறு என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. விஷயத்தைச் சொன்ன பிறகும் விரட்டினால் பாதுகாப்பே இல்லை. வழக்குப் போட ஆறு மாதம்தான் அவகாசம்.

சரி, லேபர் எம்.பி.க்கள்? எம்.பி. என்பது ஒரு பதவி, பிறவிப் பண்பு இல்லை. ‘நம்பிக்கை’ என்ற தலைப்புக்குள் வருமா என்றால், அதன் எல்லை மதத்தைத் தாண்டியது உண்மை; 2009இல் காலநிலை மாற்றம் பற்றிய ஆழ்ந்த நம்பிக்கைக்கே அந்த இடம் கிடைத்தது. ஆனால் ஒரு கட்சியில் இருப்பது மட்டுமே அந்தப் பாதுகாப்பைத் தராது. எனவே இங்கிலாந்தில் அந்த அறிவிப்பு சட்டத்துக்கு முரண் என்று சொல்வது கடினம். கடலைத் தாண்டி பெல்ஃபாஸ்டில் ஒட்டினால் கதை மாறும்: வட அயர்லாந்தின் 1998ஆம் ஆண்டு ஆணை, சேவை வழங்குவதில் அரசியல் கருத்தின் பேரிலான பாகுபாட்டையும் தடுக்கிறது. யார் எந்த பப்பில் குடிக்கலாம் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த மண் அது.

தடை எப்படி நீங்கும்?

வாய்த் தடைக்குக் காலக் கணக்கு கிடையாது. பெரும்பாலும் ஒரு மன்னிப்பில், சில மாத இடைவெளியில் கரைந்துவிடும். நிதானமாக இருக்கும் பகல் வேளையில், கூட்டமில்லாத நேரத்தில், தொலைபேசியில் கேட்பது நல்லது. வெள்ளி இரவு நேரில் போய்க் கேட்பது புதுத் தடைக்கு வழி. லேண்ட்லார்ட் மாறினால் பழையவரின் சொல் தானாகத் தொடராது, புதியவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. பப்வாட்ச் தடைக்குக் குழுவின் செயலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

நீதிமன்ற உத்தரவை லேண்ட்லார்ட் நீக்க முடியாது, நீதிமன்றம்தான் நீக்க வேண்டும். ஆனால் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கையான வாசகம் இருக்கிறது: லைசன்ஸ் வைத்திருப்பவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதுதான் அந்தத் தடை. அவர் ‘உள்ளே வா’ என்று சொல்லிவிட்டால் உத்தரவு மீறப்பட்டதாகவே ஆகாது.